தொடரில் வந்த மருத்துவர் மேல் காதல்: இது நோயா, துரோகமா?

சிங்கப்பூரில், பொங்கோலில் வசிக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 41. வங்கியில் வேலை. கணவர் நல்லவர், மகளுக்கு 15 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் பார்க்கத் தொடங்கிய ஒரு தொடரில் வரும் மருத்துவரை மறக்க முடியவில்லை என்கிறார். மனத்தில் நிற்பவர் அந்த நடிகர்கூட இல்லையாம். நடிகரின் பேட்டியைப் பார்த்தபோது, யாரோ ஓர் அந்நியர் மருத்துவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததுபோல் எரிச்சல் வந்ததாம். தொடர் முடிந்த இரவு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறார். மகளோ ஒரு கொரியப் பாடகர் மேல் பித்தாக இருக்கிறாள். அவளைத் திட்டிவிட்டு, அறைக்குள் போய் இவர் அதே காட்சியை மறுபடியும் போட்டுப் பார்க்கிறார். “எனக்கு மனநோயா? கணவருக்குத் துரோகம் செய்கிறேனா? மகளை என்ன செய்வது?” என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அன்புச் சகோதரி, முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதிலைத் தள்ளிப்போட விரும்பவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன். இது நோயில்லை, துரோகமும் இல்லை. வேலைக்குப் போகிறீர்கள், சமைக்கிறீர்கள், மகளின் பள்ளி விவகாரங்களைக் கவனிக்கிறீர்கள். அந்த மருத்துவர் உங்களை நினைத்துக்கொண்டிருப்பதாக ஒரு நாளும் நம்பவில்லை. இந்தக் கடைசி விஷயம் மிக முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

22 ஆண்டுகளாக இங்கே தமிழ்க் குடும்பங்களோடு ஆலோசகராகப் பேசிவருகிறேன். கடன், குடி, மாமியார் மருமகள் மனத்தாங்கல் எல்லாவற்றையும் இரண்டாவது மூன்றாவது சந்திப்பில் சொல்லிவிடுவார்கள். இதை மட்டும், எழுந்து போய்க் கதவுக் கைப்பிடியைப் பிடித்த பிறகுதான் சொல்வார்கள். “இன்னொன்று இருக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள்.” மனைவியை இழந்த ஒருவர், இரண்டு ஆண்டுகளாக இரவில் ஒரே நடிகையின் பழைய படங்களை மட்டும் பார்த்துவருவதை அப்படித்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை, உட்காரச் சொன்னேன். அன்றுதான் அவர் மனைவியைப் பற்றி முதன்முதலாகப் பேசினார்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் நம் முன்னோரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். ஒருதலைக் காதலுக்குத் தொல்காப்பியம் கைக்கிளை என்று பெயர் வைத்து, அகத்திணைகள் ஏழில் முதலாவதாக நிறுத்தியிருக்கிறது. புறநானூற்றின் 83, 84, 85ஆம் பாடல்கள் மூன்றும் நக்கண்ணையார் என்ற பெண்பாற் புலவர் பாடியவை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மேல் அவர் கொண்ட காதல்தான் பொருள். அவன் மற்போரில் பெயர் பெற்றவன். 83ஆம் பாட்டில், கைவளை கழல்வதைத் தாய் கண்டுகொள்வாளோ என்று அஞ்சுகிறார், அவனைத் தழுவலாம் என்றால் அவையோரை நினைத்து நாணுகிறார். 85ஆம் பாட்டில் ஊரே இரண்டு பட்டுக் கிடக்கிறது. வென்றவன் அவன்தான் என்கிறது ஒரு சாரார், இல்லை என்கிறது இன்னொரு சாரார். இவர் யார் பேச்சையும் கேட்கவில்லை. சிலம்பு ஒலிக்க ஓடி, தம் வீட்டில் முழவுபோல் பருத்து நின்ற பனைமரத்தில் சாய்ந்துகொண்டு, அவனுடைய வெற்றியைத் தம் கண்ணாலேயே பார்க்கிறார். அவன் திரும்பிப் பார்த்ததாகப் பாட்டில் ஒரு சொல்கூட இல்லை.

தாய்க்குத் தெரியாமல் வளையைத் தள்ளிவிட்டுக்கொண்ட அவரும், தண்ணீர்ச் சத்தத்தில் அழுகையை மறைத்த நீங்களும் நிற்பது ஒரே இடத்தில்தான். (பின்னாளில் வந்த உலா இலக்கியங்கள், பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் தெருவில் பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்குவதாகப் பாடின. அவை தலைவனைப் புகழ ஆண் புலவர்கள் எழுதியவை. பெண் மனத்துக்குச் சான்றாக நான் அவற்றை எடுத்துக்கொள்வதில்லை. நக்கண்ணையாரின் குரல் வேறு.)

இனி, இது ஏன் நடக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்க வீடுகளுக்குள் தொலைக்காட்சி நுழைந்துகொண்டிருந்த காலத்தில், 1956ஆம் ஆண்டில், டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். திரையில் தோன்றுபவர் நேயரின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார், குறித்த நேரத்தில் தவறாமல் வருகிறார். நேயரும் அவரைத் தமக்குத் தெரிந்தவராகவே எண்ணத் தொடங்குகிறார். அறிமுகம் மட்டும் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த ஒருபக்க உறவுக்கு அவர்கள் வைத்த பாராசோஷியல் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

உங்கள் மூளையை நீங்கள் குற்றம் சொல்லக்கூடாது. ஒரு முகத்தை ஒரு முழ தூரத்தில் பார்க்கும் உரிமை நமக்கு வாழ்க்கையில் எத்தனை பேரிடம் இருக்கிறது? குழந்தை, கணவர், நோயில் படுத்திருக்கும் அம்மா அல்லது அப்பா. அவ்வளவுதான். தொடரில் அந்த மருத்துவரின் முகம் ஐந்து மாதங்களாக இரவுதோறும் அந்தத் தூரத்தில் வந்திருக்கிறது. கண் ஓரத்தில் ஈரம் கோப்பது உங்களுக்குத் தெரிகிறது. அவர் யாரிடமும் சொல்லாத துயரத்தைக் கதை உங்களிடம் மட்டும் சொல்கிறது. இவ்வளவு நெருங்கிய ஒருவரை, இவர் கற்பனை என்று தனியாக ஓர் அலமாரியில் எடுத்து வைக்க மனத்துக்குத் தெரியாது. புத்திக்குத்தான் தெரியும்.

தொடர் முடிந்த இரவு நீங்கள் அழுததும் அப்படித்தான். ‘ஃபிரெண்ட்ஸ்’ என்ற புகழ்பெற்ற அமெரிக்கத் தொடர் 2004இல் முடிந்தபோது நேயர்கள் பட்ட வருத்தத்தைக் கெரன் எயால், ஜோனத்தன் கோஹன் என்ற ஆய்வாளர்கள் அளந்து பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். அந்தப் பாத்திரங்களோடு எவ்வளவு நெருக்கமாக உணர்ந்தார்களோ அவ்வளவு பிரிவுத் துயரம் இருந்தது. உண்மையான உறவு முறியும்போது வருவதைவிட மெல்லியது, ஆனால் அதே வகைத் துயரம். யாரும் துக்கம் விசாரிக்க வராத துயரம் என்பதுதான் இதன் கஷ்டம்.

நடிகரைப் பிடிக்கவில்லை, பாத்திரத்தைத்தான் பிடிக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அது எனக்கு நன்றாகப் புரிகிறது. என் கதையைச் சொல்கிறேன்.

1984ஆம் ஆண்டு, எனக்கு 16 வயது. இங்கே தமிழ் வானொலியில் ஒரு தொடர் நாடகம் வந்துகொண்டிருந்தது. அதில் வரும் பள்ளி ஆசிரியர் ஒருவரின் குரலுக்காக வாரம் முழுவதும் காத்திருப்பேன். அவருக்கு ஒரு முகமும் கொடுத்திருந்தேன். உயரம், மூக்குக்கண்ணாடி, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சந்தைக்குப் போனேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் திறந்த புதிய கட்டடம் அது. பலகையில் ஜூஜியாவ் என்று இருந்தாலும் எங்களுக்கு அது தேக்காதான். அம்மா வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து, “முருங்கைக்காய் கட்டு என்ன விலை?” என்று அந்தக் குரல் கேட்டது.

நான் உடனே திரும்பவில்லை. தரையில் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குரல் இருபது காசு குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியது. பிறகு திரும்பினேன். குள்ளமாக, முன்தலை வழுக்கையாக, அப்பாவைவிட மூத்த ஒருவர் மீன் வாங்கிய பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு காசை எண்ணினார். என்னைப் பார்த்து, வழிவிட்டதற்காகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

ஏமாற்றமாக இருந்ததா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஏமாற்றமில்லை. ஒரு கணக்குப் புரிந்தது. வசனத்தை எழுதியவர் யாரோ, பேசியவர் இவர், முகத்தை வரைந்தவள் நான். மூன்று பேர் சேர்ந்து செய்த ஒருவரைத்தான் நான் காதலித்திருக்கிறேன். என் பங்கு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். அந்த நாடகத்தில் ஆசிரியர், மேலே படிக்க விரும்பும் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய் அவள் தகப்பனாரிடம் பேசுவார். அந்தக் காட்சிக்குத்தான் என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது. என் வீட்டுக்கு அப்படி யாரும் வந்து பேசப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். உயர்நிலை நான்கு முடிந்ததும் வேலைக்குப் போகவேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் நானே அப்பாவிடம் பேசினேன். குரல் நடுங்கியது. இரண்டு நாள் அவர் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள், “எவ்வளவு கட்டவேண்டும்?” என்று கேட்டார்.

வந்தியத்தேவனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தது. வல்லவரையர் வந்தியத்தேவர் என்ற பெயர், குந்தவையின் கணவர் என்ற அளவில் தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறது. அந்தத் துடுக்கு, வாய்க்கொழுப்பு, மாட்டிக்கொண்டு விழிக்கும் அழகு எல்லாம் கல்கி போட்டவை. எங்கள் தலைமுறைப் பெண்கள் காதலித்தது கல்வெட்டில் இல்லாத அந்தப் பகுதியைத்தான். 2022இல் அது திரைப்படமாக வந்தபோது, “இவர் என் வந்தியத்தேவன் இல்லை” என்று என் தோழிகள் சிலர் மனம் வருந்திச் சொன்னார்கள். ஒவ்வொருத்தியிடமும் ஒரு வந்தியத்தேவன் இருந்தான். எவனும் இன்னொருத்தியிடம் இருந்தவனைப்போல் இல்லை.

ஆகவே, உங்கள் மருத்துவரில் நீங்கள் போட்டது என்ன என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி. விடையை நீங்களே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி முத்தக்காட்சி இல்லை. இரவுப் பணி முடிந்து வரும் தாதியிடம் அவர், “சாப்பிட்டாயா?” என்று கேட்கிறார். அவள் சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறாள். அவர் நகராமல், உண்மையான பதிலுக்காகக் காத்து நிற்கிறார். “அவர் காத்து நிற்பதை மட்டும் நூறு முறை பார்த்திருப்பேன்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

சகோதரி, நீங்கள் ஏங்குவது அந்தக் காத்து நிற்பதற்கு. நம் வீடுகளில் ‘சாப்பிட்டாயா’ என்பது நாளைக்கு நான்கு முறை கேட்கப்படும் கேள்வி. பதிலைக் கேட்க யாரும் நிற்பதில்லை. உங்கள் கணவர் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்கும் இரண்டு பேர், மகளின் துணைப்பாடம், மாமியாரின் மருந்து, மறுநாள் சமையல் என்று பேசி முடித்துத் தூங்கிவிடுகிறார்கள். பதினேழு ஆண்டு மணவாழ்க்கையில் இது சாதாரணம். சாதாரணம் என்பதால் வலிக்காது என்றில்லை.

அவரிடம் மருத்துவரைப் பற்றிச் சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அது உங்கள் மனத்தின் உள்ளறை, அதற்குக் கணக்குக் காட்டத் தேவையில்லை. ஆனால் காத்து நிற்பதைப் பற்றிச் சொல்லலாம். “இன்று நான் எப்படி இருக்கிறேன் என்று கேளுங்கள், கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் எழுந்து போகாதீர்கள்” என்று அப்படியே சொல்லுங்கள். குறிப்பால் உணர்த்தாதீர்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். தொடரில் வரும் ஆணுக்கு அவள் மனத்தில் இருப்பதை எழுத்தாளர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். உங்கள் கணவருக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. துரோகம் எப்போது வரும் என்று கேட்டால், அவர் உண்மையிலேயே கேட்கும்போதும் நீங்கள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரைக்குள் போய்விட்டீர்கள் என்றால், அப்போது கவலைப்படுவேன்.

எது நோய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரபலங்கள் மேல் உள்ள பற்றை அளக்க 2002இல் மெக்கச்சன், லாங்கே, ஹூரான் என்பவர்கள் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அதில் மூன்று படிகள். முதல் படி, நண்பர்களோடு கூடிப் பேசி மகிழ்வது. இரண்டாவது, அவர் என் உயிர்த்துணை என்று தனிமையில் உணர்வது. மூன்றாவது, அவர் கேட்டால் சட்டத்துக்குப் புறம்பான காரியத்தையும் செய்வேன் என்ற நிலை. நீங்கள் இரண்டாவது படியின் ஓரத்தில் நிற்கிறீர்கள்.

இந்தப் படிகளுக்கும் அப்பால் ஒன்று இருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன் பிரெஞ்சு மனநல மருத்துவர் டி கிளேரம்போ விவரித்த ஒரு நோயாளி, 53 வயதுப் பெண். இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தம்மைக் காதலிப்பதாக உறுதியாக நம்பினார். லண்டனுக்குப் போய் பக்கிங்காம் அரண்மனைக்கு வெளியே காத்து நிற்பார். சன்னலில் ஒரு திரைச்சீலை அசைந்தால், மன்னர் தமக்குச் சைகை காட்டுகிறார் என்று எடுத்துக்கொள்வார். அந்தத் திரைச்சீலைதான் எல்லைக்கோடு. நக்கண்ணையார் பனைமரத்தில் சாய்ந்து தாம் பார்த்ததைப் பாடினார், அவன் தம்மைப் பார்த்ததாகப் பாடவில்லை. பதில் வருகிறது, பாட்டில் எனக்கு மட்டும் ரகசியச் செய்தி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த யாராவது நம்பத் தொடங்கினால், வாதம் செய்து மாற்ற முயலாதீர்கள். பலதுறை மருந்தகத்தின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அவர் மனநல நிபுணரிடம் அனுப்புவார். தேசிய மனநல உதவி எண் 1771 இரவு பகலாகக் கிடைக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் 1767. ஒருவரைப் பின்தொடர்வது இங்கே 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும்.

இன்று அந்தத் திரைச்சீலையைக் காசுக்காக அசைப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டுகிறேன். நடிகரின் படத்தையும் பெயரையும் வைத்துக்கொண்டு, “உங்கள் கருத்தைப் படித்தேன், மனம் நெகிழ்ந்தது” என்று ஒரு செய்தி வரும். சில வாரங்கள் கழித்துப் பணம் கேட்பார்கள். படித்தவர்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள் இதில் சேமிப்பை இழந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்த அந்த நிமிடமே 1799 மோசடித் தடுப்பு எண்ணை அழையுங்கள்.

அடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். நீங்கள் விரும்பும் பாத்திரமாகவே அவை உங்களோடு பேசும். “சாப்பிட்டாயா?” என்றும் கேட்கும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்து நிற்கும். மகளின் தோழி ஒருத்தி அப்படிப் பேசுகிறாள் என்று எழுதி, நீங்களும் முயலலாமா என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். காதல் ஏக்கத்தை 1970களில் ஆராய்ந்த டாரதி டென்னோவ் கண்டுசொன்னது இது: கொஞ்சம் நம்பிக்கை, கொஞ்சம் ஐயம், இரண்டும் கலந்தால்தான் ஏக்கம் வளர்ந்துகொண்டே போகிறது. உங்கள் மருத்துவரின் மௌனம் உங்களுக்கு நல்லதையே செய்துவந்திருக்கிறது. பதில் வராது என்று தெரிவதால் மனம் ஒரு நாள் தானே திரும்பும். பதில் வந்துகொண்டே இருந்தால் அது எப்போது திரும்பும்? 2018இல் ஜப்பானில் ஒருவர், ஹட்சுனே மிகு என்ற கற்பனைப் பாடகியை ஒளியுருவாக வைத்துத் திருமணச் சடங்கே நடத்திக்கொண்டார். 2020இல் அந்த உருவத்தோடு பேச வழி செய்திருந்த சேவை நிறுத்தப்பட்டது. அவருடைய அன்பை நான் எள்ளி நகையாடமாட்டேன். ஒரு நிறுவனம் நிறுத்திவிடக்கூடிய பொத்தானில் அந்த அன்பு மாட்டியிருந்ததே என்றுதான் மனம் பதைக்கிறது.

மகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 15 வயதில் அவளுக்கு வந்திருப்பது பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு பகுதி. தொட முடியாத ஒருவரிடம் மனத்தைக் கொடுத்துப் பார்ப்பது, தொடக்கூடிய ஒருவர் வருவதற்கு முந்தைய பயிற்சி. கூட்டமும் சேர்கிறது. 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் காலாங்கில் உள்ள தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவுகள் பாடியபோது, ரசிகைகள் முன்பின் தெரியாதவர்களோடு மணிகள் கோத்த கைவளைகளை மாற்றிக்கொண்டதைப் பார்த்தேன். அது முதல் படி, ஆரோக்கியமான படி. சுவரொட்டியைக் கிழிக்காதீர்கள். தூக்கத்துக்கும் செலவுக்கும் எல்லை வையுங்கள். பாடகர் தனக்கு மட்டும் எழுதுவதுபோல், அவள் பெயரையே போட்டுச் செய்தி வரும் கட்டணச் செயலிகள் இருக்கின்றன. அவள் அதில் சேர்ந்திருந்தால், அதே செய்தி எல்லாருக்கும் போகிறது என்பதைத் திட்டாமல் விளக்குங்கள்.

இந்தச் சனிக்கிழமை அவள் அறைக்குப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்காருங்கள். அந்தக் கொரியப் பாடகரின் குழுவில் இத்தனை பேர் இருக்கும்போது அவள் ஏன் இந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தாள் என்று கேளுங்கள். “சும்மாதான்” என்பாள். எழுந்துவிடாமல் அங்கேயே இருங்கள்.